ஜிம் பசங்க இன்சுலின் போட்டு விழுந்ததை நேர்ல பார்த்தவங்க சொல்லுங்க

மேன்ஷன்வாசி

நாலு வருஷமாச்சு. இன்னும் வாழைப்பழத்தைப் பார்த்தா அந்த ராத்திரிதான் ஞாபகம் வருது.

திருவல்லிக்கேணி மேன்ஷன்ல என் ரூம்மேட். ஆணழகன் போட்டிக்கு ஏழு வாரம் இருந்தது. ஏற்கெனவே ஜி.எச்., அதான் வளர்ச்சி ஹார்மோன் ஊசி, போயிட்டிருந்துச்சு, அதோட இன்சுலினையும் சேர்த்துக்கோன்னு ஜிம் மாஸ்டர் சொல்லிட்டார். தசை ஏத்தத்தான் போடறாங்க, இங்க யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒர்க்அவுட் முடிஞ்சு வந்து ஊசியைப் போட்டுட்டான். மெஸ்ல சோறு லேட். "பத்து நிமிஷம்தானே மச்சி"ன்னான்.

கொஞ்ச நேரத்துல பனியனைப் பிழிஞ்சா தண்ணி வரும், அப்படி வேர்வை. பேச்சு குழறுது. குடிச்சிருக்கானான்னு மோந்து பார்த்தேன், இல்லை. டேபிள்ல இருந்த பழத்தை எடுத்து ஒழுங்கா உரிச்சான். பழத்தைக் கீழ போட்டுட்டுத் தோலைக் கடிச்சு மென்னான். நிதானமா, என்னையே பார்த்துக்கிட்டு.

நான் சிரிச்சேன். விளையாடறான்னு நினைச்சுச் சிரிச்சேன். சிரிச்சு முடியறதுக்குள்ள வலிப்பு. 108ல வந்தவர் விரல்ல குத்திப் பார்த்தார், சுகர் 31, ரொம்பக் கம்மி. உங்க அனுபவத்தையும் போடுங்க.

மருந்துக்கடைக்காரர், கோவை

நான் மெடிக்கல் வெச்சிருக்கறனுங்க. போன வருசம் ஒரு தம்பி வந்து இன்சுலின் பென்னுல மாட்டற கார்ட்ரிட்ஜ் கேட்டான். சீட்டு இல்லை, குடுக்கலைங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்து ஊசி மட்டும் கேட்டான், செவப்பு மூடி போட்டது. தாத்தாவுக்காம். எடுத்துக் குடுத்து சில்லறை எண்ணும்போதுதான் பொறி தட்டுச்சு. கார்ட்ரிட்ஜை வேற எங்கியோ வாங்கிட்டான், இந்த ஊசியை விட்டு உறிஞ்சப் போறான்.

நம்ம ஊர்ல பாட்டில் மருந்து பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். செவப்பு மூடி ஊசியில இருக்கற கோடெல்லாம் அந்தக் கணக்குக்குப் போட்டதுங்க. பென் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100. செவப்பு மூடியில 10ங்கற கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 25. பில்லுக்குப் பின்னாடி எழுதிக் காட்டினேன். தம்பி அதையே பார்த்துட்டு நின்னான். "அண்ணா, அப்ப நேத்து..."ன்னான். அவ்வளவுதான், ஊசியைக் கல்லா மேலயே வெச்சுட்டுப் போயிட்டான். அப்புறம் கடைப்பக்கமே வரலீங்க.

இரும்பு அண்ணாச்சி

எல்லாரும் ஓவரா பயமுறுத்துதீய. நான் ரெண்டு சீசன் போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகலை. சாப்பாட்டு நேரம் தெரியாதவன்தான் விழுவான். சுகர்காரங்க தினம் போடலையா? ஒரே ஒரு தடவை பைக்ல போகையில சிக்னல் சிவப்பா பச்சையான்னு பிடிபடலை. கோடம்பாக்கம் பாலத்துல ஓரங்கட்டி, பையில இருந்த மாம்பழ ஜூஸ் மூணையும் குடிச்சேன், சரியாப் போச்சு. கட்டுப்பாடு இருந்தா பயம் இல்லை.

நைட் டியூட்டி

அண்ணாச்சி, பாலத்து மேல கண்ணு கட்டினதை "ஒண்ணும் ஆகலை" கணக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் நிக்கறீங்க. சுகர்காரங்களுக்கு உடம்புல இல்லாததை, இல்லைன்னா போதாததை வெளியிலிருந்து குடுக்கறோம். உங்க கணையம் நல்லா வேலை செய்யுது, அதுக்கு மேல நீங்க ஊத்தறீங்க. அதுவும் எக்சர்சைஸ் பண்ணின தசை பல மணி நேரத்துக்குச் சர்க்கரையை இழுத்துக்கிட்டே இருக்கும். நேத்து சரியா இருந்த அளவு இன்னைக்குச் சரியா இருக்கும்னு எப்படிச் சொல்வீங்க?

நான் ஸ்டாஃப் நர்ஸ். விடியக்காலம் மூணு மணிக்கு ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க, 22 வயசு. சுகர் 24. டெக்ஸ்ட்ரோஸ் 25 சதவீதம், அதான் நரம்புல ஏத்தற சர்க்கரைத் தண்ணி, ஏத்தினதும் கண்ணு முழிச்சான். அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. ஒரு மணி நேரத்துல திரும்ப இறங்கிடுச்சு. திரும்ப ஏத்தறோம், திரும்ப இறங்குது. என்னப்பா போட்டேன்னு டாக்டர் கேட்கறார், சத்தியமா எதுவும் இல்லைங்கறான். நம்ம கணையம் இன்சுலின் விட்டா கூடவே சி-பெப்டைடுன்னு ஒரு பொருளும் வரும், ஊசி மருந்துல அது கிடையாது. அதைப் பார்க்க ரத்தம் எடுத்து அனுப்பினோம்.

ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே விஷயம் வெளிய வந்துடுச்சு. ஊர்ல இருந்து பாட்டி போன் பண்ணினாங்க. அம்மா ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க. எல்லாம் விசாரிச்சுட்டு, "என் மருந்துகூட இந்தத் தடவை சீக்கிரம் குறைஞ்சுபோச்சுடி, பிரிட்ஜ்ல பாதி பாட்டில்தான் இருக்கு"ன்னாங்க. வார்டே அமைதியாயிடுச்சு. பையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

பாட்டியோட மருந்து 30/70 இன்சுலின். பால் மாதிரி கலங்கலா இருக்குமே, அது. 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யற மருந்து, 70 பங்கு மெதுவா மணிக்கணக்குல வேலை செய்யறது. ஒரு தடவை சாப்பிட்டா போதும்னு நினைச்சுப் படுத்திருக்கான், தூக்கத்துல இறங்கிடுச்சு. பாட்டி காலையில எழுந்து இட்லி சாப்பிடற கணக்குக்கு எழுதிக் குடுத்த மருந்துங்க அது.

சொல்ல வந்ததோட இதையும் சொல்லிடறேன். நினைவு இருந்தா குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணியோ குடுங்க, கால் மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பாருங்க. நினைவு இல்லைன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108 கூப்பிடுங்க. என்ன போட்டான், எப்ப போட்டான்னு சொல்லுங்க, பாட்டிலையும் கையோட கொண்டு வாங்க. போலீஸ் கேஸ் ஆயிடும்னு மறைக்கறீங்க, அதுல எங்களுக்கு ரெண்டு மணி நேரம் போயிடுது. குடிச்சிருந்தா இன்னும் மோசம், ஈரல் புதுசா சர்க்கரை தயார் பண்றது அடைஞ்சுபோயிடும். ஸ்டேஜுக்கு முன்னாடி தண்ணி வத்த மாத்திரை போடறவங்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் குறைஞ்சிருக்கலாம், இன்சுலின் மிச்சத்தையும் செல்லுக்குள்ள தள்ளும். அப்ப நிக்கறது இதயம். "சாப்பாட்டு நேரம் தெரியாதவன்"னு எழுதறதுக்கு முன்னாடி இதையெல்லாம் யோசிங்க.

பழைய பயில்வான்

எங்க காலத்துல கேழ்வரகுக் களி, கொண்டைக்கடலை, நாட்டுக்கோழி முட்டை, தண்டால், பஸ்கி. முட்டையை வெறும் வயித்துல...

மேன்ஷன்வாசி

ஐயா, அதுக்குத் தனி இழை இருக்கு. அனுபவம் இருந்தா மட்டும் எழுதுங்க ப்ளீஸ்.

நாகானோ98

எனக்கு நேரடி அனுபவம் இல்லை, ஆனா "சுகர்காரங்க போடலையா"ன்னு கேட்டவருக்கு ஒரு தகவல். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல ஒரு ரஷ்ய மருத்துவ அதிகாரி இதே கேள்வியைத்தான் கேட்டார்: இன்சுலின் சுகர் இருக்கறவங்களுக்கு மட்டும்தானா? அவர் கேட்ட கையோட தடைப்பட்டியல்ல சேர்த்துட்டாங்க. இன்னைக்கும் பட்டியல்ல இருக்கு. சுகர் இருக்கற வீரர்கள் தனியா அனுமதி வாங்கணும்.

பாப்பா அப்பா

என் பொண்ணுக்கு டைப் 1 சுகர். ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எழுந்து, தூங்கற குழந்தை விரல்ல குத்திப் பார்க்கறோம். ஸ்கூல் பேக்ல ஒரு குளுக்கோஸ் பாக்கெட், டீச்சர் மேஜையில ஒண்ணு, ஆட்டோக்காரர்கிட்ட ஒண்ணு. இவ்வளவுக்கும் நடுவுல ரெண்டு தடவை 40க்குக் கீழ போயிருக்கா. கட்டுப்பாடாம் அண்ணாச்சி.

இரும்பு அண்ணாச்சி

தம்பி, பாப்பாவைச் சொல்லலை. நான் சொன்னது வேற.

மேன்ஷன்வாசி

நாலஞ்சு பேர் தனியா கேட்டீங்க. ரூம்மேட் இருக்கான். ஊருக்குப் போயிட்டான், போட்டியெல்லாம் விட்டாச்சு. பேசிட்டே இருக்கும்போது நடுவுல வார்த்தை கிடைக்காம நிப்பான், முன்னாடி அப்படிக் கிடையாது. மாஸ்டரோட ஜிம் இப்ப ரெண்டு கிளை.

போன பொங்கலுக்குப் போயிருந்தப்ப வாழைத்தோல் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு அந்த ராத்திரி சுத்தமா ஞாபகம் இல்லை. "சும்மா கதை விடாதடா"ன்னு சிரிச்சான். நான் சிரிக்கலை. அவங்க அம்மா தட்டுல வச்ச பழத்தை உரிச்சுத் தோலை ஓரமா வச்சான். அவன் எதைக் கையில எடுக்கறான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.