‘பிரேக் பிடித்துக்கொண்டது’ என்பதற்கு ஒரு கலைச்சொல்: துருக்கட்டு

நண்பர்களுக்கு வணக்கம். திருவட்டாறிலிருந்து எழுதுகிறேன்.

நெடுங்காலம் ஓடாமல் நின்ற வண்டியின் பிரேக் அசையாமல் போகும் நிலைக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். இறுகல், உறைவு, முடக்கம், பூட்டு ஆகிய நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. தந்தவர்களுக்கு நன்றி. அவற்றை எடுத்துப் பார்ப்பதற்கு முன்பு, எந்த நிலைக்குப் பெயர் தேடுகிறோம் என்பதை இன்னும் துல்லியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் மடலில் அதை நான் போதிய விளக்கமின்றி வைத்துவிட்டேன்.

குலசேகரத்துக்கு அருகே என் தாய்மாமாவின் ரப்பர் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைப்புரையை ஒட்டிய கொட்டகையில் ஓர் எம்.ஜி. டி.டி. கார் பல ஆண்டுகளாக நிற்கிறது. இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1949 இறுதியில் தொடங்கி 1953 வரை செய்யப்பட்ட, 1250 சி.சி. எஞ்சின் கொண்ட, இருவர் மட்டும் அமரக்கூடிய திறந்த கார் அது. நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முன்பே, திருவிதாங்கூர்-கொச்சிக் காலத்துப் பதிவெண்ணோடு வந்த வண்டி. நான்கு சக்கரங்களிலும், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் 9 அங்குல டிரம்; திரவ அழுத்தத்தால் இயங்கும் லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக். கடைசியாக நிறுத்தியவர் கைப்பிரேக்கை இழுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் ஆண்டுதோறும் இரண்டு முறை அந்தக் கொட்டகையை நனைத்திருக்கின்றன. போதாததற்கு, ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தின் கன்னாஸுகளும் (கேன்களும்) அதே மூலையில் இருந்தன. அந்த அமிலத்தின் ஆவி இரும்பை என்ன செய்யும் என்பது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வண்டியை நகர்த்தப் பார்த்தபோது நான்கு சக்கரங்களில் ஒன்றுகூட உருளவில்லை.

இதே மாதத்தில், மார்த்தாண்டத்துக்குப் போய்வந்த உறவினர் ஒருவரின் அம்பாசிடர் காரில் முன்சக்கரம் ஒன்று சூடேறி, மிதியை விட்ட பிறகும் பிரேக் விடாமல் நின்றது. ஒரு பட்டறையில் காட்டினோம். ‘பிரேக் பிடிச்சுக்கிட்டு’ என்றார்கள். எம்.ஜி. காரைப் பார்க்க வந்தவரும் அதே சொற்களைத்தான் சொன்னார். சொல் ஒன்றாக இருந்ததால் மருத்துவமும் ஒன்றாகிவிட்டது. அம்பாசிடரின் டிரம்மைச் சுத்தியலால் தட்டி, வார்ப்பிரும்பு விளிம்பில் விரிசல் விழுந்த பிறகுதான் குற்றம் டிரம்மில் இல்லை என்பது தெரிந்தது. சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய் உள்ளே ஊதிப்போய், மிதித்தால் அழுத்தத்தைப் போக விட்டு, விட்டால் திரும்ப விடாமல் அடைத்துக்கொண்டிருந்தது. இந்தச் சேதத்துக்கு அந்தப் பட்டறையை மட்டும் குறை கூறி என்ன செய்வது? இரண்டு வேறு நிலைகளுக்கு ஒரே பெயர் வைத்திருப்பது நம்முடைய மொழிப் பழக்கத்தின் குறை. நான் சொல் தேடுவது இதற்காகத்தான்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற உதவும் ‘நிப்பிள்’ என்னும் சிறு திருகை அரைச்சுற்று திறந்தால், பிரேக் ஆயில் பீறிட்டு வெளியேறிய உடனே சக்கரம் சுழலத் தொடங்குமானால், உள்ளே தேங்கி நின்ற அழுத்தம்தான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று பொருள். நிப்பிளைத் திறந்த பிறகும் சக்கரம் அசையாவிட்டால், ஏதோ ஒரு பாகம் மற்றொரு பாகத்தோடு ஒட்டிவிட்டது என்று பொருள். முதலாவதை ‘அழுத்தத் தேக்கம்’ என்று அழைக்கலாம். அதில் சிக்கல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவதுக்குத்தான் பெயர் வேண்டும். அந்தப் பெயர் மூன்று இடங்களுக்குப் பொருந்த வேண்டும்: டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூவின் லைனிங் (அதன் உராய்வுப் பட்டை) டிரம்மின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்வது, சக்கர சிலிண்டருக்குள் அந்த ஷூவைத் தள்ளும் பிஸ்டன் நின்றுபோவது, கைப்பிரேக்கின் கம்பி அதன் உறைக்குள் அசையாமல் போவது. எம்.ஜி. காரில் இந்த மூன்றுமே இருந்தன. மூன்றுக்கும் காரணம் ஒன்று. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை எடுத்துக்கொள்கிறது. மயிரிழை அளவே இடைவெளி உள்ள இரண்டு பாகங்களுக்கு நடுவே அது வளரும்போது, ஆப்பு அறைந்ததுபோல இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது.

இனி, வந்த சொற்கள். ‘முடக்கம்’ காரணத்தைச் சொல்லவில்லை. பெட்ரோல் தீர்ந்தாலும் வண்டி முடங்கும். ‘பூட்டு’ நல்ல சொல்தான், ஆனால் ஓடும் வண்டியில் மிதியை ஓங்கி அழுத்தும்போது சக்கரம் சுழலாமல் வழுக்கிக்கொண்டு போகிறதே, அந்த நிலைக்கு அதைக் காத்து வைக்க விரும்புகிறேன். ‘இறுகல்’ பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்குத் தயக்கம் உண்டு. பதநீர் இறுகிக் கருப்பட்டி ஆகிறது, சிமென்ட் கலவை இறுகுகிறது. அந்தப் பொருளே தன் தன்மை மாறிக் கெட்டியாவதுதான் இறுகல். பிரேக்கில் பிஸ்டனும் சிலிண்டரும் எப்போதும் கெட்டியானவைதான். மாறுவது அவை இரண்டுக்கும் இடையிலுள்ள உறவு. ‘உறைவு’ என்பதை நம் மாவட்டத்தில் என்னால் ஏற்கவே முடியாது. இங்கே உறைவது ரப்பர் பால். டிஷ் என்னும் தட்டில் பாலோடு அமிலம் ஊற்றினால் காலைக்குள் உறைந்துவிடும். அது நாம் விரும்பிச் செய்யும் வேலை. பிரேக்கில் ரப்பர் வளையங்களும் இருக்கும்போது, ‘சிலிண்டர் உறைந்திருக்கிறது’ என்று சொன்னால் தோட்டத்தில் வேலை செய்பவர் எதை நினைப்பார்?

நான் முன்வைப்பது ‘துருக்கட்டு’. உடலின் ஓர் உறுப்பு தன் வேலையைச் செய்யாமல் அடைத்து நிற்பதை நம் வைத்தியம் எப்போதும் கட்டு என்றே சொல்லியிருக்கிறது: மலக்கட்டு, நீர்க்கட்டு, சளிக்கட்டு. தொண்டை கட்டிக்கொண்டது என்று படிக்காதவரும் சொல்கிறார். முன்சொல் எதனால் அல்லது எங்கே என்று காட்டுகிறது; பின்சொல் நிலையைக் காட்டுகிறது. ‘இடது பின்சக்கரம் துருக்கட்டியிருக்கிறது’ என்று வினையாகவும் தயக்கமின்றி வருகிறது.

இதற்கு இன்னொரு பேறும் உண்டு. கட்டுக்கு எதிர்ச்சொல்லாக நம்மிடம் ‘இளக்குதல்’ ஏற்கெனவே இருக்கிறது. மலக்கட்டுக்கு மலமிளக்கி கொடுக்கிறோம். குமரியின் வர்ம ஆசான்கள், அடிபட்டு அடங்கிய வர்மத்தை மீட்கும் சிகிச்சையை இளக்குமுறை என்கிறார்கள். அதைக் கண்டவர்களுக்குத் தெரியும், அதில் பலத்தைவிட இடமறிந்து தட்டுவதுதான் முதன்மை. துருக்கட்டை எடுக்கும் வேலையும் அப்படிப்பட்டது. முதலில் கைப்பிரேக் கம்பியைத் தளர்த்தி, ஷூக்களை உள்ளே வாங்கும் அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் திருப்பி, ஊடுருவும் எண்ணெயை நாள்தோறும் சிறிது விட்டு ஊற வைத்து, டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி மரக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தோம். முன்சக்கரங்கள் இரண்டும் ஆறாம் நாள் விட்டன. ஆகவே துருக்கட்டை எடுப்பதைத் ‘துருவிளக்குதல்’ என்றும், அந்த எண்ணெயைத் ‘துருவிளக்கி’ என்றும் வைக்கலாமா என்று கேட்கிறேன்.

வேலையில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் தூசியைக் காற்றால் ஊதக் கூடாது; தண்ணீரால் நனைத்து ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

*

நாகர்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

தம்பிக்கு வாழ்த்துகள். கட்டு என்ற பின்சொல் பொருத்தமானது. இரண்டு ஐயங்களை மட்டும் சொல்கிறேன்.

துரு என்பதோடு இளக்கி சேர்ந்தால் துருவிளக்கி ஆகும், சரி. ஆனால் துரு என்பதோடு விளக்கி சேர்ந்தாலும் அதே வடிவம்தான் வரும். பாத்திரம் விளக்குவது வீடுகளில் நாள்தோறும் நடக்கும் வேலை. துருவைத் தேய்த்து வெளுப்பாக்கும் பொடி என்று படிப்பவர் கொள்வார். இளக்குவதும் தேய்ப்பதும் வேறுவேறு வேலைகள் அல்லவா?

மற்றொன்று, நம் ஊர்ப் பேச்சில் கட்டு என்பது கெட்டு என்றே ஒலிக்கும். தாலி கெட்டு, கல்லுக்கெட்டு என்கிறோம். பட்டறையில் இச்சொல் ‘துருக்கெட்டு’ ஆகிவிட்டால், கெட்டுப்போயிற்று, இனித் தூக்கி எறிய வேண்டியதுதான் என்று ஒருவர் எண்ணிவிடக்கூடும். அந்தப் பழைய கார் அப்படி எறியப்படுவதை நீங்களே விரும்ப மாட்டீர்கள்.

*

மஸ்கட்டிலிருந்து, குளச்சலைச் சேர்ந்த பொறியாளர்:

அண்ணன் சொல்லும் வண்டிக்குத் துரு பொருந்தும். அலுமினிய சிலிண்டர்களில் பிஸ்டன் நின்றுபோவது துருவால் இல்லை. வெள்ளைப் பொடி பூத்து அடைத்துக்கொள்வதால். அதையும் துருக்கட்டு என்றால் வேதியியல் பிழை ஆகிவிடும். எண்ணெய் இல்லாமல் ஓடி எஞ்சினில் பிஸ்டன் சூட்டினால் விரிந்து பிடித்துக்கொள்வதற்கும் ஒரு பெயர் வேண்டும். அதையும் சேர்த்து யோசிக்கலாம்.

*

திருவட்டாறிலிருந்து மீண்டும்:

ஆசிரியை அம்மா அவர்களுக்கு நன்றி. துருவிளக்கி பற்றிய ஐயத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அச்சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ‘துரு’வை விட்டுவிட்டுக் ‘கட்டு’ என்பதையே முன்சொல்லாக வைத்தால் ‘கட்டிளக்கி’, ‘கட்டிளக்குதல்’ என்று வருகின்றன. உகரம் கெட்டுப் புணர்வதால், உடலில் வரும் கட்டியோடும் குழப்பமில்லை. அதுவாக இருந்தால் கட்டியிளக்கி என்று யகரம் தோன்றியிருக்கும். முந்தையதைவிட இது ஒலிப்பில் சற்றுக் குறுகலாகவும் இருக்கிறது.

கெட்டு என்னும் ஒலிப்பைப் பற்றி நான் அவ்வளவு அஞ்சவில்லை. நம் பேச்சிலேயே இரண்டும் பிரிந்துதான் நிற்கின்றன. கயிறு ‘கெட்டியிருக்கு’ என்போம். மீன் ‘கெட்டுப்போச்சு’ என்போம். ‘சக்கரம் துருக்கெட்டியிருக்கு’ என்று ஒருவர் சொன்னால், நம் மாவட்டத்தில் பிறந்த எவரும் அதை அழுகியதாகக் கொள்ள மாட்டார். எழுத்தில் கட்டு என்றே நிறுத்திக்கொள்வோம்.

மஸ்கட் தம்பி சொன்னது முழுவதும் சரி. எனவே, எந்த உலோகம் அரிக்கப்பட்டு ஒட்டிக்கொண்டாலும் பொருந்தும் வகைப்பெயராக ‘அரிமானக்கட்டு’ இருக்கட்டும். இரும்பில் வருவது அதன் ஒரு வகையான துருக்கட்டு. எஞ்சினில் வருவதற்கு முதலில் சூட்டுக்கட்டு என்று எழுதிப் பார்த்தேன். கோடையில் உடம்பில் வரும் சூட்டுக்கட்டிக்கு மிக அருகில் போய்விடுகிறது. ‘வெப்பக்கட்டு’ என்று வைக்கலாம்.

இதே உரையாடலில் இன்னொரு சொல்லையும் திருத்திவிட வேண்டும் என்று விரும்புகிறேன். மேலே உள்ள மடலில் நானே ‘பிரேக் ஆயில்’ என்று எழுதியிருக்கிறேன். நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். அது எண்ணெய் அன்று. வழக்கமாகப் பயன்படும் டாட் 3, டாட் 4 என்னும் தர வகைகள் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைச் சார்ந்தவை. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்பவை. உறிஞ்சிய ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரித்து, உள்ளிருந்தே துருக்கட்டை உண்டாக்குகிறது. 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டிய டாட் 4, ஈரமேறிய பிறகு 155 பாகையைத் தாங்கினால் போதும் என்றுதான் தரவிதியே சொல்கிறது. ‘ஆயில்’ என்ற பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயை ஊற்றியவர்களையும், சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவி அதே ரப்பர் வளையத்தைத் திரும்பப் பூட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறினால் எப்படிப் பருத்து நொய்ந்துபோகும் என்பதை ரப்பர் விளையும் மண்ணில் விளக்கத் தேவையில்லை. பழைய வளையத்தை எறிந்துவிட்டு, உலோகப் பாகங்களை ஸ்பிரிட்டில் கழுவிக் காயவைத்து, புது வளையத்தைப் பிரேக்குக்கு உரிய திரவத்திலேயே நனைத்துப் பூட்ட வேண்டும். இதற்கு நீர்மம் என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை. நீர்தான் இதன் முதல் பகை. பள்ளி இயற்பியலில் இருக்கும் ‘பாய்மம்’ என்பதை எடுத்துப் ‘பிரேக் பாய்மம்’ என்று எழுதலாம் என்பது என் எண்ணம்.

பிஸ்டன்களில் எப்படிக் கட்டிளக்கினோம் என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். முன்சக்கரத்துக்கு இரண்டு வீதம் நான்கும், பின்சக்கரத்துக்கு ஒன்று வீதம் இரண்டுமாக இந்த வண்டியில் ஆறு சக்கர சிலிண்டர்கள். முன்னால் இருந்த நான்கையும் கழற்றி ஊற வைத்தோம். மூன்று கையாலேயே வந்துவிட்டன. நான்காவதற்கு, பாய்மம் நுழையும் துளையில் கிரீஸ் கன்னைப் பொருத்தி அழுத்தினோம். கிரீஸ் மெல்ல மெல்லத் தள்ளுவதால் பிஸ்டன் ஒழுங்காக நகர்ந்து வெளியே வந்தது. கம்ப்ரஸர் காற்றை அந்தத் துளையில் விடுபவர்கள் உண்டு. கட்டு விட்ட நொடியில் பிஸ்டன் குண்டுபோலப் பாயும், விரல்கள் போய்விடும். அதைச் செய்யவே கூடாது. நான்கில் இரண்டு சிலிண்டர்களின் உட்சுவரில் துரு குழி பறித்திருக்கிறது. கட்டிளக்கியால் அசைவைத் திருப்பித் தர முடியும். அரித்துப்போன உலோகத்தைத் தர முடியாது. அவற்றுக்கு உள்ளுறை போட வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும்.

வலது பின்சக்கரம் நேற்று விட்டது. கைப்பிரேக் கம்பியும் ஷூவும் சேர்ந்து பிடித்திருப்பதால் இடது பின்சக்கரம் இன்னும் துருக்கட்டியபடிதான் நிற்கிறது. கம்பியை உறையோடு வெட்டி எடுத்துவிடலாம் என்று மாமா சொல்கிறார். இன்னும் ஒரு வாரம் ஊறட்டும் என்று கேட்டிருக்கிறேன்.