வங்கிக் காப்புறுதியில் வெள்ளமும் அடக்கமாம், யார் சொன்னது?

பிறைவாசி:
“வீட்டுக் கடன் வாங்கும்போதே வங்கி காப்புறுதியை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அதில் வெள்ளமும் அடக்கம். இதற்கு மேல் தேடி அலைவது முகவர்களின் பையை நிரப்புவதற்குத்தான்” என்று செந்தூல்காரர் நேற்று இங்கே எழுதியிருந்தார். அதைப் பலர் பாராட்டியும் இருக்கிறார்கள். வங்கி கட்டாயமாகக் கேட்பது பெரும்பாலும் அடிப்படைத் தீக் காப்புறுதியைத்தான். அது தீ, மின்னல், வீட்டு எரிவாயுவால் நேரும் வெடிப்பு ஆகிய மூன்றோடு முடிந்துவிடும். வெள்ளம் வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கு நீரில் மூழ்கியபோது, இந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டவர்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதில் வெள்ளம் இல்லை.

செந்தூல்காரர்:
பிறைவாசி ஐயாவுக்கு வணக்கம். என் காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளம் என்று தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வாடகைக்கு விட்டிருக்கும் என் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது இழப்பீடும் கிடைத்தது. கையில் பணம் வாங்கியவனிடம் வந்து, அது இல்லை என்று வாதாடும் துணிவு உங்களுக்கு மட்டுமே உண்டு.

ஆயர்ஈத்தாம் டீச்சர்:
இருவரும் இரண்டு வெவ்வேறு பத்திரங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். பிறைவாசி சொல்வது அடிப்படைத் தீக் காப்புறுதி. செந்தூல்காரரிடம் இருப்பது ஹவுஸ்ஓனர் பத்திரமாக இருக்க வேண்டும். அதில் வெள்ளம், புயல், குழாய் வெடிப்பு, உடைத்து நுழைந்து திருடுவது ஆகியவை கட்டடத்தைப் பொறுத்தவரை ஏற்கெனவே அடங்கும். முதலில் பத்திரத்தின் தலைப்பைப் பார்த்துச் சொன்னால் விவாதமே தேவைப்படாது.

பிறைவாசி:
டீச்சர் சொல்வது இருக்கட்டும். நான் கேட்பது ஒரே கேள்விதான். செந்தூல்காரருக்குக் கிடைத்த இழப்பீட்டில் குளிர்பதனப் பெட்டிக்கும் மெத்தைக்கும் எவ்வளவு கொடுத்தார்கள்? கட்டடத்துக்கான பத்திரம் சுவரையும் மின்கம்பியையும் பார்க்கும். வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கு ஹவுஸ்ஹோல்டர் பத்திரம் தனியாக வேண்டும். இதைக்கூடச் சொல்லாமல் “வெள்ளமும் அடக்கம்” என்று பொத்தாம்பொதுவாக எழுதி ஊரை நம்ப வைப்பது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான்.

செந்தூல்காரர்:
மெத்தை வாடகைக்காரருடையது. அவர் மெத்தைக்கு நான் ஏன் காப்புறுதி எடுக்க வேண்டும்? கேள்வி வெள்ளத்தைப் பற்றியது; வெள்ளம் என் பத்திரத்தில் உண்டு.

பழைய முகவர்:
முகவர்களின் பை என்று எழுதியதற்கு மட்டும் என் பதில். தீக் காப்புறுதியில் எங்களுக்கு வருவது ஒரு குடும்பம் வெளியில் ஒரு வேளை சாப்பிடும் செலவுக்குக்கூடக் காணாது. ஆனாலும், வாங்கிய விலைக்கே காப்பு எடுக்கிறேன் என்று அடம்பிடிப்பவரிடம், நிலம் எரியாது, மறுபடியும் கட்டுவதற்கான செலவுக்கு எடுங்கள் என்று விளக்கித் தொண்டை வற்றியது எங்களுக்குத்தான். குறைத்து எடுத்தாலும் ஆபத்து உண்டு. 4 லட்சம் ரிங்கிட் செலவாகும் கட்டடத்துக்கு 2 லட்சத்துக்கு, அதாவது பாதிக்கு மட்டுமே, காப்பு எடுத்தவர், 1 லட்சம் சேதத்துக்கு 50 ஆயிரம்தான் பெறுவார். மீதி அவருடைய சொந்தப் பொறுப்பு. மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமே இணையத்தில் கட்டுமானச் செலவைக் கணக்கிட வழி வைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் வந்து எங்களைத் திட்டுகிறார்கள்.

பிறைவாசி:
முகவர் ஐயா, கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், போன ஆண்டு வாகனக் காப்புறுதி விவாதத்தில் என்னை “அரைகுறை” என்று எழுதியவர் நீங்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போது நான் சொன்னதையே வேறு சொற்களில் சொல்லி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறீர்கள்.

தஞ்சோங் பூங்கா மருமகள்:
மன்னிக்கவும், மலைச்சாரலில் இருப்பவர்களுக்கு வெள்ளத்தைவிட மண்சரிவுதான் கவலை. 2017 அக்டோபரில் எங்கள் பகுதியில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து உயிர்கள் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் விசாரித்த வரையில், ஹவுஸ்ஓனர் பத்திரத்தில்கூட நிலச்சரிவும் மண் இறங்குவதும் தானாக அடங்குவதில்லை. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். என் மாமியார் கேட்கச் சொன்ன இன்னொன்று: நகைகள் வீட்டிலேயே இருந்தால் அவற்றுக்கும் காப்பு உண்டா?

ஆயர்ஈத்தாம் டீச்சர்:
உண்டு, ஆனால் வரம்போடு. வழக்கமான ஹவுஸ்ஹோல்டர் பத்திரத்தில் தங்கம், வெள்ளி, நகைகள் எல்லாம் சேர்ந்து பொருள்களுக்கான காப்புத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. தனியாகப் பெயரும் மதிப்பும் குறிப்பிடாத ஒரு பொருளுக்கு அந்தத் தொகையில் 5 விழுக்காடுதான். 60 ஆயிரம் ரிங்கிட்டுக்குக் காப்பு எடுத்திருந்தால், குறிப்பிடாத ஒரு சங்கிலிக்கு 3 ஆயிரத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

செந்தூல்காரர்:
நகைக்கும் மண்ணுக்கும் பிறகு வருவோம். பிறைவாசி ஐயா இன்னும் பதில் சொல்லவில்லை. என் பத்திரத்தில் வெள்ளம் உண்டா, இல்லையா?

பிறைவாசி:
நீங்கள் குடியிருப்பது செந்தூலில் ஓர் உயரமான கொண்டோவில் என்று நீங்களே முன்பு பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டடத்துக்குக் காப்புறுதி எடுக்க வேண்டியது 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அதன் நிர்வாகம்தான். நீங்கள் செய்துவைத்த அலமாரியும் பொய்க்கூரையும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? கீழ்த்தளத்தில் நிற்கும் கார் மூழ்கினால் அதற்கு வாகனப் பத்திரத்தில் தனிச் சேர்க்கை வேண்டும் என்பதாவது தெரியுமா? வங்கி எடுத்துக் கொடுத்தது எம்ஆர்டிஏ எனப்படும் வீட்டுக் கடன் ஆயுள் காப்புறுதி என்றால், அது உங்கள் உயிருக்கும் கடனுக்கும் உரியதே தவிர, கூரைக்கு உரியதல்ல. இவ்வளவும் தெரியாமல் ஷா ஆலாம் வீட்டை மட்டும் காட்டி வெற்றி கொண்டாட வேண்டாம். அடிப்படைப் பத்திரத்தில் வெள்ளம் இல்லை. நூறு முறை கேட்டாலும் இல்லை.

செந்தூல்காரர்:
கொண்டோ, கார், உயிர், கூரை என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தாலும், என் கேள்விக்கு உண்டு என்ற ஒரு சொல் உங்கள் வாயிலிருந்து வரப்போவதில்லை.

பழைய முகவர்:
அரைகுறை என்று நான் எழுதியது சரிதான் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பிறைவாசி:
பத்திரத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், செந்தூல்காரரே. தலைப்போடு போடுங்கள். முகவர் ஐயாவுக்கு நாளை தனியாக, விரிவாகப் பதில் எழுதுகிறேன்.