நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள்: தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

விலையை ஒப்பிடும் முன் எதை வைத்து எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். பிஆர்டிஜி என்ற மென்பொருளில் கணக்கு சென்சாருக்கு, அதாவது கண்காணிக்கும் ஒவ்வொரு அளவீட்டுக்கும். ஒரு போர்ட்டின் டிராஃபிக் ஒரு சென்சார், பிங் (சாதனம் பதில் தருகிறதா என்ற சோதனை) ஒன்று, சிபியு ஒன்று. 48 போர்ட் சுவிட்சில் எல்லாவற்றையும் டிக் செய்தால் அந்த ஒரு பெட்டிக்கே 50 போய்விடும். 20 சுவிட்சுக்கு 1000. ஓப்மேனேஜரில் கணக்கு சாதனத்துக்கு, அதில் எத்தனை போர்ட் இருந்தாலும் ஒன்றுதான். ஜாபிக்ஸ், லிப்ரெஎன்எம்எஸ் இரண்டுக்கும் லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஆனால் லினக்ஸும் டேட்டாபேஸும் தெரிந்த ஆள் வேண்டும், அந்தச் சம்பளத்தையும் விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எதுவானாலும் அப்லிங்க் (மேலே உள்ள சுவிட்ச் அல்லது ரூட்டருக்குப் போகும் இணைப்பு), சர்வர், ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பெட்டி) போர்ட்டுகளை மட்டும் சேருங்கள். மேஜைக் கணினி போர்ட்டையும் சேர்த்தால் மாலையில் ஒவ்வொருவராகக் கிளம்பும்போது 'போர்ட் டவுன்' வரிசையாக வரும். ஒரு வாரத்தில் அலர்ட்டை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

*

டிராஃபிக் கிராஃப் பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு. மென்பொருள் எஸ்என்எம்பி என்ற நெறிமுறை வழியாகத்தான் சாதனத்தின் எண்களைப் படிக்கிறது, ஒவ்வொரு எண்ணுக்கும் புள்ளி வைத்த ஒரு முகவரி உண்டு. உள்ளே வந்த பைட்டுகளை எண்ணும் 1.3.6.1.2.1.2.2.1.10 என்ற பழைய கவுண்டர் 32 பிட். 429 கோடி பைட் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 1 ஜிகாபிட் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் இதற்கு 34 விநாடிதான் ஆகும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் மென்பொருளுக்கு நடுவில் அது எட்டு முறை சுற்றியது தெரியாது. நிரம்பி வழியும் லிங்க் கிராஃபில் காலியாகக் கிடக்கும். 64 பிட் கவுண்டர் 1.3.6.1.2.1.31.1.1.1.6. டெம்ப்ளேட்டில் (எதைப் படிக்க வேண்டும் என்ற தயார்ப் பட்டியல்) எது இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். சாதனத்தை எஸ்என்எம்பி வி1 (முதல் பதிப்பு) என்று சேர்த்திருந்தால் 64 பிட் எண் வரவே வராது, வி2சி அல்லது வி3 வேண்டும்.

*

இதேபோல் சுற்றி வந்து ஏமாற்றும் இன்னொரு கவுண்டர். சாதனம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லும் சிஸ்அப்டைம் (1.3.6.1.2.1.1.3.0) விநாடியில் நூறில் ஒரு பங்காக எண்ணும், அதுவும் 32 பிட். 497 நாள் ஆனதும் பூஜ்யத்துக்கு வரும். உடனே 'சுவிட்ச் ரீபூட் ஆனது' என்று அலர்ட். ஒரே நாளில் பொருத்திய சுவிட்சுகள் என்றால் எல்லாம் ஒன்றாகக் கத்தும், கரண்ட் போய்விட்டதோ என்று ஓடுவோம். வி3 இயங்கும் சாதனத்தில் 1.3.6.1.6.3.10.2.1.3.0 விநாடியாகவே எண்ணும்; ரீபூட் விதியை அதன்மேல் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

*

ஜாபிக்ஸ் எடுப்பவர்கள் டிஸ்க் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். 100 சுவிட்ச், தலா 48 போர்ட், போர்ட்டுக்கு 8 அளவீடு: 38,400. நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் விநாடிக்கு 640 மதிப்பு, நாளுக்கு ஐந்தரைக் கோடி. ஒன்றுக்குச் சுமார் 90 பைட் என்றால் நாளுக்கு 5 ஜிபி. முழு விவரத்தை 90 நாள் வைக்கிறேன் என்றால் 450 ஜிபி. 7 முதல் 14 நாள் போதும். அதற்குப் பிறகு மணிக்கு ஒரு வரியாகச் சேரும் டிரெண்டை ஒரு வருடம் வையுங்கள். அதில் குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம் மூன்றும் இருக்கும்.

இன்னொரு இடி, பழைய தரவை அழிக்கும் ஹவுஸ்கீப்பர். பெரிய டேபிளில் அது வரிகளாக அழிக்கத் தொடங்கினால் டேட்டாபேஸ் மூச்சுத் திணறும், கிராஃபில் ஓட்டை விழும். போஸ்ட்கிரேஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் மேல் டைம்ஸ்கேல்டிபி என்ற நீட்சியைப் போட்டால் நாள்கணக்கான துண்டுகளை அப்படியே தூக்கிப் போட்டுவிடும். போர்ட்டின் நிலை போல எப்போதாவது மாறும் அளவீடுகளுக்கு, மாறாத மதிப்பைச் சேமிக்காமல் விடும் அமைப்பு இருக்கிறது, அதையும் போடுங்கள்.

*

ப்ரோமிதியஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருள் பற்றி ஒரு வரி: கன்டெய்னர், சர்வர் பக்கம் அருமை. சுவிட்சின் எண்களைப் படித்துக் கொடுக்க எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர் தனியாக வேண்டும், எதுவும் மாற்றாவிட்டால் தரவு 15 நாள்தான் நிற்கும்.

*

அலர்ட் மழையைத் தடுக்க 'யாருக்குப் பின்னால் யார்' என்று எல்லா மென்பொருளிலும் சொல்லலாம். எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதுதான் சிக்கல். நாகியோஸ் என்ற மென்பொருளில் ஒரு ஹோஸ்டுக்கு (சாதனத்துக்கு) இரண்டு பேரன்ட் (முன்னால் உள்ள சாதனம்) கொடுத்தால், இரண்டும் விழுந்தால்தான் அதை 'எட்ட முடியவில்லை' என்று ஒதுக்கும். ஜாபிக்ஸில் சார்ந்திருக்கும் டிரிக்கர்களில் (அலர்ட்டை எழுப்பும் விதிகளில்) ஏதாவது ஒன்று பிரச்சினையில் இருந்தாலே பின்னால் இருப்பதை அடக்கிவிடும். இரட்டை அப்லிங்க் உள்ள இடத்தில் ஒரு லிங்க் விழுந்திருக்கும்போது சுவிட்ச் தனியாகச் செத்தாலும் செய்தி வராது. அங்கே இரண்டு லிங்கும் விழுந்தால் மட்டும் எழும்பும் ஒரு டிரிக்கரை எழுதி, அதைச் சார்ந்திருக்கச் செய்யுங்கள்.

நேரமும் முக்கியம். பின்னால் உள்ள சுவிட்சை முதலில் சோதித்து, முன்னால் உள்ள ரூட்டரைப் பிறகு சோதித்தால் மழை பெய்த பிறகுதான் குடை விரியும். ரூட்டருக்கு 30 விநாடி இடைவெளி, சுவிட்சுக்கு 60 விநாடியும் தொடர்ந்து மூன்று தோல்வியும் என்று வைத்தால் சரியாக வரும்.

*

அடுத்து பாதுகாப்பு. வி2சியில் கம்யூனிட்டி ஸ்ட்ரிங் (கடவுச்சொல் போன்றது) வெறும் எழுத்தாக வயரில் போகும். வி3யில் அடையாளச் சோதனை, குறியாக்கம் இரண்டையும் இயக்குங்கள். படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். சாதனத்தில் யுடிபி 161ஐக் கண்காணிப்பு சர்வரின் ஐபிக்கு மட்டும் திறங்கள். ஒரே கான்ஃபிகை நகலெடுத்து வைத்த சாதனங்களில் எஞ்சின் ஐடியும் (வி3யில் சாதனத்தின் தனி அடையாளம்) ஒன்றாகிவிட்டால் வி3 காரணம் தெரியாமல் விட்டுவிட்டு வேலை செய்யும், முதலில் அதைப் பாருங்கள்.

2020 டிசம்பரில் வெளியான சோலார்விண்ட்ஸ் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் ஊடுருவலில் தீங்கான நிரல் அதிகாரபூர்வ அப்டேட்டுக்குள்ளேயே வந்தது. கண்காணிப்பு சர்வர் என்பது எல்லாச் சாதனங்களின் சாவியும் இருக்கும் இடம். அது வெளியே இணையத்தில் எங்கே போகலாம் என்பதை ஃபயர்வாலில் பட்டியல் போட்டு மற்றதை அடைத்து வையுங்கள்.

*

எந்த மென்பொருளாக இருந்தாலும் சோதனைக் காலத்தில் இணைய லிங்கின் கேபிளை ஒருமுறை உருவிப் பாருங்கள். அலர்ட் மின்னஞ்சல் அதே லிங்க் வழியாகத்தான் போகிறது என்றால், 'லிங்க் விழுந்தது' என்ற செய்தி லிங்க் எழுந்த பிறகுதான் கைக்கு வரும். சிம் போட்ட மோடம் ஒன்றை சர்வரில் செருகி எஸ்எம்எஸ் வழியை வையுங்கள், வெளியிலிருந்து அந்த சர்வரையே பிங் செய்ய இன்னொன்றையும் வையுங்கள்.