1942-ல் காணாமல் போன சின்னத் தாத்தா: விவரம் தேட உதவி தேவை

வணக்கம். என் தாத்தாவின் தம்பி மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. அதன்பிறகு கடிதமே இல்லை. கல்யாணம்கூட ஆகாத வயசு. 'காணவில்லை' என்று வந்த தந்தியையும் கரையான் அரித்துவிட்டது. படை எண் தெரியாது.

சிங்கப்பூரில் உள்ள கிராஞ்சி போர் நினைவிடத்தில், கல்லறை இல்லாத 24,000-க்கும் அதிகமானோரின் பெயர்கள் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடினால் அதே பெயரில் பலர் வருகிறார்கள். அந்தக்கால ஆங்கில எழுத்துக்கூட்டலும் பாடாய்ப் படுத்துகிறது! ஜப்பானியர் இந்தியப் போர்க் கைதிகள் பலரை நியூகினித் தீவுக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அவருடைய அப்பா பெயரும் ஊரும் மட்டும் வைத்து ஆளை உறுதிசெய்ய முடியுமா? பெங்களூருவில் உள்ள மதராஸ் சாப்பர்ஸ் படை மையத்துக்கு எழுதி யாருக்காவது பதில் வந்திருக்கிறதா? இறந்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசைக்குத்தான் படைக்கிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.