மறு: எரிபொருள் கல இடைத்தகடு: பூச்சா, முலாமா, பொருக்கா?

வணக்கம். எரிபொருள் கலத்தின் பாகங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த இந்த யோசனைக்குப் பதில்:

> இன்டர்கனெக்டுக்கு "இடையிணைப்பு" போதும். அதன் மேலுள்ள ஆக்சைடு, கோட்டிங் இரண்டுக்கும் "காப்புப் பூச்சு" என்றே வைத்துக்கொள்ளலாமே?

முதல் சொல்லில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் இடையிணைப்பு என்றதும் கம்பிதான் நினைவுக்கு வரும், இது தகடு. திண்ம ஆக்சைடு எரிபொருள் கலம் (எரிவாயுவையும் காற்றையும் கொண்டு சூட்டில் மின்சாரம் தரும் பீங்கான் கலம்) ஒன்று, மின்சாரம் எடுக்கும்போது ஒரு வோல்ட்கூடத் தராது. அதனால் பல கலங்களை அடுக்குகிறார்கள். இரண்டு கலங்களுக்கு நடுவே நின்று மின்சாரத்தைக் கடத்துவதும், ஒரு பக்கத்து எரிவாயுவும் மறுபக்கத்துக் காற்றும் கலந்துவிடாமல் தடுப்பதும் இந்தத் தகட்டின் வேலை. இணைப்பது பாதி வேலைதான். ஆகவே "இடைத்தகடு".

இரண்டாவது யோசனையைத்தான் ஏற்க முடியவில்லை.

1000 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஓடிய பழைய கலங்களில் லாந்தனம் குரோமைட் பீங்கானே தகடாக இருந்தது. வெப்பநிலை 650–850 டிகிரிக்கு இறங்கியதும் ஃபெரைட் வகை எஃகு உள்ளே வந்தது. (வீட்டு எவர்சில்வர் பெரும்பாலும் ஆஸ்டெனைட் வகை. காந்தம் சரியாக ஒட்டாது. சூட்டில் மிக அதிகமாக விரிந்து, கூட இருக்கும் பீங்கானை உடைத்துவிடும்.) ஜெர்மனியின் யூலிச் ஆய்வு மையத்தில் உருவான குரோஃபர் 22 ஏபியூ எஃகில் ஏறக்குறைய 22% குரோமியம், கொஞ்சம் மாங்கனீசு, துளி லாந்தனம். சூடேறினால் உள்ளிருக்கும் குரோமியமே மேலே வந்து ஆக்சைடாகிறது. அதற்கும் மேல் மாங்கனீசு-குரோமியம் ஸ்பைனல் (இரண்டு உலோகங்கள் சேர்ந்த ஒரு வகை ஆக்சைடு) ஓர் அடுக்காகப் படிகிறது. யாரும் பூசவில்லை, தானாக வளர்ந்தது. இதைப் போய்ப் பூச்சு என்பதா?

"பொருக்கு" என்போம். புண்ணின் மேல் கட்டும் பொருக்கு மாதிரியே இதுவும் உள்ளிருந்து வருவது, அடியில் இருப்பதைக் காப்பது, தடித்தால் உரிவது. உரிவதற்கும் தனிச்சொல் தேட வேண்டியதில்லை, "பொருக்குரிவு" போதும். தடித்த பொருக்கு உரியாமல் நின்றாலும் தொல்லைதான், மின்தடை ஏறும். இன்னொரு சிக்கல்: எஃகில் அலுமினியம் சேர்த்தால் அருமையான அலுமினாப் பொருக்கு கட்டும், ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாது. மின்னுலைச் சுருளுக்கு ஏற்ற எஃகு இங்கே உதவாமல் போவது அதனால்தான்.

சரி, பொருக்கே காக்கும் என்றால் பூச்சு எதற்கு? ஈரக் காற்றில் குரோமிய ஆக்சைடு ஆவியாகும் சேர்மமாக மாறி, காற்றுப் பக்க மின்முனையில் போய்ப் படிந்து அதன் வேலையைக் கெடுக்கிறது. (இதற்குக் "குரோமிய நஞ்சேற்றம்" என்று முன்பே சொன்னவருக்கு என் ஓட்டு.) அதைத் தடுக்கத்தான் மாங்கனீசு-கோபால்ட் ஸ்பைனலைப் பூசுகிறார்கள்.

பூச்சுக்கு "முலாம்" என்று இந்தப் பேச்சில் இன்னோர் ஐயா எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் உலோகத்துக்கு மட்டுமே பொருந்தும். சுவீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஒரு பூச்சில் 10 நானோமீட்டர் சீரியமும் அதன் மேல் 640 நானோமீட்டர் கோபால்ட்டும் இருக்கும். போடும்போது உலோகம். உலைச் சூட்டில் கோபால்ட் ஆக்சைடாகி, எஃகிலிருந்து வரும் மாங்கனீசையும் சேர்த்துக்கொண்டு ஸ்பைனலாகிவிடும். காலையில் முலாம், மாலையில் பீங்கான்! பூச்சு என்றால் இரண்டு நிலைக்கும் பொருந்தும்.

இதில் சீரியத்தின் வேலையை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள்: "பூச்சிலுள்ள சீரியம் பொருக்கின் வளர்ச்சியை மெதுவாக்குகிறது." இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், "பூச்சிலுள்ள சீரியம் பூச்சின் வளர்ச்சியை மெதுவாக்குகிறது" என்றல்லவா ஆகும்? படிக்கிற மாணவர் என்ன செய்வார்?

அப்புறம் ஒன்று பாக்கி. தகட்டின் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று என்று இருந்தால், இருபுறமும் காற்று இருப்பதைவிடக் காற்றுப் பக்கத்து அரிப்பு கூடுகிறது. இந்த டூயல் அட்மாஸ்ஃபியருக்கு "இருவளிச் சூழல்" என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் பலருக்கு வளி என்றாலே காற்றுதான், ஹைட்ரஜன் நினைவுக்கு வராது. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.