பார்க்காத பையனுக்காக எழுதிய கடிதம்

கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மாணவி உதவித்தொகைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தாள், அப்பா ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறவர். நல்ல பெண், அவள் நோட்டை முழுசாகப் படித்துவிட்டு எழுத வேண்டும் என்று நினைத்தே தள்ளிப் போட்டேன், அப்புறம் விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது, கடைசித் தேதி போய்விட்டது. "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராமானுஜனுக்காக கில்பர்ட் வாக்கர் எழுதிய கடிதம் கண்ணில் பட்டது. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணித மேதை ஹார்டியைத் தெரியாதவர்கள் இல்லை, வாக்கரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்று, சிம்லாவிலிருந்து இந்திய வானிலைத் துறையை நடத்தியவர். பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடப்போய், பசிபிக் கடலின் காற்றழுத்த ஊசலாட்டத்தைப் பின்னாளில் கண்டுபிடித்தவரும் அவர்தான். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ பற்றிய பேச்சில் இன்றும் அவர் பெயர் வரும்.

1913 பிப்ரவரி 25 அன்று சென்னை வந்தவரிடம், துறைமுகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தன் அலுவலகக் குமாஸ்தா ஒருவர் எழுதிய கணக்குகளைக் காட்டினார். மறுநாளே, 26ஆம் தேதி, சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் போய்விட்டது. நடுவில் ஒரு ராத்திரிதான்!

எனக்கு உறைத்தது அதில் இருந்த நேர்மை. அந்த இளைஞரை நான் பார்த்ததில்லை என்று எழுதுகிறார். வயது 22 என்று கேள்விப்பட்டதாகச் சொல்கிறார், உண்மையில் 25. இந்தக் கணிதப் பிரிவுகள் என் துறை அல்ல, திறமையை என்னால் சரியாக எடைபோட முடியாது, முடிவுகளில் முழுமையும் துல்லியமும் போதாது என்றுகூட ஒளிக்காமல் சொல்கிறார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, பிழைப்புக் கவலை இல்லாமல் சில வருஷமாவது முழு நேரமும் இவர் கணிதம் செய்யப் பல்கலைக்கழகம் வழி செய்வது நியாயம் என்று தெளிவாகக் கேட்கிறார். எல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் எழுதுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை. நான் காத்திருந்தேன்.

ராமானுஜன் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தோற்றவர், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் இருந்தவர். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்று விதி இருந்தும், மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷத்துக்குக் கிடைத்தது. அவருடைய அப்பாவும் கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தாதான். அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

போன மாதம் பக்கத்து ஊர்க் கல்லூரிப் பையன் ஒருவனின் நோட்டை நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். எண் கோட்பாடு, எனக்குப் பாதிதான் புரிந்தது. அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். "இந்த மாணவனை நான் நேரில் பார்த்ததில்லை" என்றுதான் தொடங்கினேன், புரியாத இடத்தைப் புரியவில்லை என்றே எழுதினேன், மாதம் எவ்வளவு பணம், எத்தனை வருஷத்துக்கு என்பதையும் நேரடியாகக் கேட்டேன். காலையில் தபாலில் சேர்த்தாயிற்று. பதில் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.