பொருள்: ஈகோசிஸ்டத்துக்கு வணிகவியல் பாடத்தில் என்ன சொல்?

ம.செ. எழுதியது:

அன்பு நண்பர்களே,
தமிழ்வழி பி.காம். மாணவர்களுக்கான துணைப்பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஈகோசிஸ்டம்' என்ற ஒரு சொல்லில் தட்டி நிற்கிறேன். ஆப்பிள் போன் வாங்கியவர் அடுத்து அதே கம்பெனிக் கடிகாரம், இயர்போன், ஐகிளவுட் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறார். வெளியே வர நினைத்தால் கடிகாரத்தையும் விட்டுவிட வேண்டும். அது ஆண்ட்ராய்டு போனோடு இணையவே இணையாது. போட்டி போனுக்கும் போனுக்கும் நடப்பதாக இப்போது சொல்ல முடியாது. ஒரு கம்பெனிப் பொருள்களின் மொத்தக் கூட்டத்துக்கும் இன்னொன்றின் மொத்தக் கூட்டத்துக்கும் நடக்கிறது. தாவரவியல் பாடத்தின் 'சூழல் மண்டலம்' இதற்குப் பொருந்துமா?

இரா. எழுதியது:

பொருந்தும். ஆங்கிலத்திலும் இது இரவல்தான். தாவரவியலாளர் டான்ஸ்லி 1935இல் சூழலியலுக்கென்று பயன்படுத்திய சொல்லை 1993இல் மேலாண்மை எழுத்தாளர் ஜேம்ஸ் மூர் வணிகத்துக்கு இழுத்து வந்தார். நாமும் இழுப்போம்.

யாழ்ப்பாணத்திலிருந்து த.:

மண்டலம் வடசொல். எங்கட உயர்தர வகுப்புப் பிள்ளைகள் படிக்கிறது 'சூழற்றொகுதி'. லகரம் றகரமாவது நன்னூல் விதிப்படி சரி. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் தேடுறீங்கள்?

இரா.:

> சூழற்றொகுதி

இங்கே தொகுதி என்றால் பிள்ளைகளுக்கு எம்.எல்.ஏ.தான் ஞாபகம் வருவார், அம்மா. தவிர, அந்த ற்றொ-வைப் பார்த்ததும் கடைசி பெஞ்ச் புத்தகத்தை மூடிவிடும்.

புலவர் ஐயா எழுதியது:

கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைகிறீர்கள். சங்க இலக்கியத்தின் 'திணை'! நிலமும் பொழுதும் முதல்; மரம், விலங்கு, தொழில், பறை கரு, ஒழுக்கம் உரி. போனின் இயங்குதளம் முதற்பொருள், செயலிகள் கருப்பொருள், அதிலேயே கிடக்கும் பழக்கம் உரிப்பொருள். ஐபோனில் கூகுளின் ஜிமெயில் பார்ப்பது, ஒரு திணைக்குரியது இன்னொன்றில் கலக்கும் திணைமயக்கம். உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். 2020இல் எபிக் என்ற வீடியோ கேம் நிறுவனம் ஆப்பிள் மேல் தொடுத்த வழக்கு, கோட்டையை முற்றுகையிடும் உழிஞை. ஆப்பிள் மதில் காத்தது நொச்சி. (நொச்சி தொல்காப்பியத்தில் தனித்திணை இல்லை, உழிஞைக்குள் அடங்கும். இதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.)

ம.செ.:

ஐயா, வெள்ளிக்கிழமை.

இரா.:

திணை அழகுதான். ஆனால் திணைக்கு முதலாளி கிடையாது. குறிஞ்சிக்குச் சேயோன் உண்டு. அவன் சுனைநீருக்கு முப்பது விழுக்காடு கேட்டதில்லை. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் செயலி விற்பனையில் கேட்கிறது. சிறிய நிறுவனங்களுக்குப் பாதியாகக் குறைத்தார்கள் என்றாலும், கேட்பவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா? அது சொல்லில் தெரிய வேண்டும். இப்படிப் பார்த்தால் நான் முதலில் ஆதரித்த சூழல் மண்டலத்துக்கும் அதே குறைதான். காட்டுக்கு வாசல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2023 செப்டம்பரில் ஆறு நிறுவனங்களை 'வாயிற்காவலர்' என்றே வகைப்படுத்தியது. வாயில் என்றால் மதில் உண்டு. 'மதிலகம்' எப்படி?

ராமநாதபுரம் ஆசிரியர் எழுதியது:

மதிலகம் சிறைச்சாலை மாதிரி இருக்கிறது. எங்கள் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போடுவார்கள். ராத்திரி ஆடு படுத்துக் கிடக்கும். எரு நிலத்துக்காரருக்கு. அதற்காகக் கீதாரிக்குக் கூலி கொடுப்பவரும் அவர்தான். ஐபோனின் சஃபாரியில் தன் தேடுபொறி முதலில் நிற்பதற்காகக் கூகுள் ஆப்பிளுக்கு 2022இல் கொடுத்தது 2,000 கோடி டாலர். அமெரிக்க வழக்கில் வெளிவந்த கணக்கு. கீதாரி யார், நிலத்துக்காரர் யார், ஆடு யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே 'கிடை'.

த.:

நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் இங்க கிடை எண்டால் நோயாளி படுக்கையோட கிடக்கிறது. 'ஆப்பிளின் கிடை' எண்டு அச்சடிச்சால் கம்பெனி சாகக் கிடக்குது எண்டு நினைப்பினம்.

இன்னொருவர்:

மூன்று நாளாகப் படிக்கிறேன். வேலை நேர்காணலில் ஈகோசிஸ்டம் என்றுதான் கேட்பார்கள். தமிழ் எழுத்தில் அப்படியே போட்டுவிடுங்கள்.

புலவர் ஐயா:

அப்படியே போடுவதென்றால் இந்தக் குழு எதற்கு? கம்ப்யூட்டருக்குக் 'கணினி' வந்தபோதும் இதே குரல்தான் கேட்டது. இன்று கணினி என்று சொல்லாத பள்ளிக்கூடம் உண்டா?

இன்னொருவர்:

பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள், ஐயா. ரிப்பேர் கடையில் சொல்லிப் பாருங்கள்.

ம.செ.:

அனைவருக்கும் நன்றி. பாடத்தில் 'நிறுவனச் சூழல் மண்டலம்' என்று போட்டுவிட்டேன். முதலாளி தெரிய வேண்டும் என்ற இரா.வின் பேச்சுக்காக 'நிறுவன'. முதல் இடத்தில் மட்டும் 'ஈகோசிஸ்டம்' என்று பக்கத்தில் வரும். நீளம் என்று எனக்கே தெரிகிறது. கிடை உதாரணத்தைப் பெட்டிச் செய்தியாகச் சேர்க்கிறேன், ஆசிரியர் அனுமதித்தால்.

த.:

அச்சுக்குப் போகட்டும். நான் சூழற்றொகுதியை விடமாட்டன்.

புலவர் ஐயா:

திணைக்கு ஒரு வாக்கு என்று பதிவு செய்யவும். நொச்சி பற்றிய மடல் நாளை.

ம.செ.:

கடைசியாக ஒன்று. அடுத்த அலகில் பிளாட்ஃபார்ம் வருகிறது. 'தளம்' என்று வைத்தால் வெப்சைட்டும் தளம், ஆப்பரேட்டிங் சிஸ்டமும் இயங்குதளம். ஒரே பத்தியில் மூன்றும் வருகின்றன. என்ன செய்யலாம்?

இரா.:

புது இழையில் கேளுங்கள். தயவுசெய்து புலவர் ஐயா தூங்கிய பிறகு.